பாலம் ஏறும்போது கேட்கும் சத்தம்

எங்கள் ஊரில் மேடு கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தூத்துக்குடி. மேடு வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போகவேண்டும். காருக்கு எந்தப் பெட்ரோல் சரி என்று முடிவுசெய்ய என் வீட்டுக்காரர் அங்கேதான் போவார். அவர் மட்டுமில்லை, டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கிற பழைய ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பாலம் தொடங்கும் இடத்தில் வண்டியை மெதுவாக்கவேண்டும். ஆனால் கியரைக் குறைக்கக்கூடாது. நாலாவது கியரிலேயே விட்டு, ஏசியையும் போட்டு, ஆக்ஸிலேட்டரை அமுக்கி ஏற்றவேண்டும். இடதுபக்கக் கண்ணாடியை இறக்கிவிடவேண்டும். கைப்பிடிச்சுவர் அந்தப் பக்கம் இருப்பதால் என்ஜின் சத்தம் அதில் பட்டுத் திரும்பி வரும். போட்ட பெட்ரோல் அந்த என்ஜினுக்கு ஒத்துவரவில்லை என்றால் கிலுகிலுவென்று ஒரு சத்தம் சுவரிலிருந்து வரும். நான் ரவிக்கை தைக்கிறவள். எனக்கு அது ஊக்குகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது மாதிரி கேட்கும். ஸ்டாண்டில் அதை 'வண்டி தட்டுது' என்பார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், ஒரு மனுஷனுடைய பிழைப்பு முழுவதும் அந்தச் சத்தம் காதில் விழுகிறதா இல்லையா என்பதில் போய் நின்றது. அந்த மனுஷன் என் வீட்டுக்காரர்.

ஆக்டேன் நம்பரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். பெட்ரோலுக்கு எவ்வளவு பொறுமை என்பதுதான் அந்த நம்பர் என்பார். என்ஜினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்துப் பிஸ்டன் அமுக்குகிறது. பிளக் பொறி விட்ட பிறகுதான் அது எரியவேண்டும். பொறுமை இல்லாத பெட்ரோல் அமுக்கம் தாங்காமல் தானாகவே முந்திக்கொண்டு வெடிக்கும். அதுதான் தட்டல். நம்பர் கூடினால் பொறுமை கூடும், அவ்வளவுதான். வண்டி அதனால் பறக்கவும் செய்யாது, மைலேஜ் அள்ளிக் கொடுக்கவும் செய்யாது. எந்த என்ஜினுக்கு எவ்வளவு அமுக்கமோ அதற்குத் தக்க நம்பர் போட்டால் போதும்.

"ஒன் நம்பர் எம்பதுக்கு மேல போவாது. லேசா அமுக்குனாலே வெடிச்சிருத" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

"பொறி வைக்கிறது யாரு?" என்பேன் நான்.

ஒருமுறை கீழவைப்பாருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். கரையில் வள்ளத்து மோட்டாருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டுச்சேலையோடு என்னை வெயிலில் நிறுத்திவைத்து அவர் பாடம் நடத்தினார். "அந்த மெஷின்ல அமுக்கம் கம்மி. அதுக்கு மண்ணெண்ணெயே தேவாமிர்தம். அதையே நம்ம வண்டில ஊத்துனா பிஸ்டன் பல்லக் காட்டிரும்" என்றார். எனக்கோ மாப்பிள்ளை தாலி கட்டுவதைப் பார்க்கவேண்டும். நாங்கள் மண்டபத்துக்குள் போனபோது பந்தி ஆரம்பித்திருந்தது.

அவர் உடன்குடிப் பக்கம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடை வைத்தவர்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்க இவருக்குப் பொறுமை கிடையாது, அந்த விஷயத்தில் இவர் நம்பர் என்னைவிடக் குறைவு. சின்ன வயதிலேயே லாரிக்குப் போய்விட்டார். பிறகு துறைமுகத்தில் டிரெய்லர். கரி இறக்குகிற இடத்திலும் கண்டெய்னர் தூக்குகிற இடத்திலும் வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்குள் இருந்தார். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் வண்டு பறப்பதாகச் சொல்வார். தலைக்கு எண்ணெய் வைத்து விடுவேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் யோசித்ததில்லை.

முதுகுவலி வந்து டிரெய்லரை விட்ட பிறகு இந்தக் காரை வாங்கினார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பெட்ரோல் வண்டி. விமான நிலையம், திருச்செந்தூர், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று சவாரி. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் எப்போதாவது கொற்கையைப் பார்க்கவேண்டும் என்பார்கள். அங்கே போய் வயலையும் வாழையையும் பார்த்துவிட்டு, துறைமுகம் எங்கே என்று இவரிடம் கேட்பார்கள். கடல் எழுந்து போய்விட்டது என்பார்.

வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் அவர் முதலில் கையை வைக்கமாட்டார். பானெட்டைத் திறந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். பெல்ட்டா, பேரிங்கா, பிளக்கா என்று காதாலேயே பிரித்துச் சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள்கூட "அண்ணாச்சி, கொஞ்சம் வந்து கேட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். என் தையல் மெஷினில் பாபின் கோளாறு வந்தபோது அடுத்த அறையில் படுத்துக்கொண்டே சொன்னவர். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இருந்த கர்வத்தை நான் எதுவும் சொன்னதில்லை. ஆளுக்கு ஒன்றாவது இருக்கவேண்டும் அல்லவா.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் வண்டி தட்ட ஆரம்பித்தது. அவர்தான் கண்டுபிடித்தார். ஆளை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது லேசாகக் கேட்டது என்று வந்து சொன்னார். ஸ்டாண்டில் எல்லாரும் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் மேல் பழியைப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் அங்கே வயிறு சரியில்லை என்றால்கூட எத்தனால்தான் காரணம். இவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அந்த மெக்கானிக் இவரைவிட வயதில் சின்னவர், இவர் மேல் மரியாதை உள்ளவர். என்ஜினுக்கு வயதாகிவிட்டது, உள்ளே கரி படிந்திருக்கிறது, கரி படியப்படிய இடம் குறைந்து அமுக்கம் கூடும் என்றார்.

"என்ஜின் ஹெட்டக் கழத்திக் கரியச் சுத்தம் பண்ணுனாத்தான் நல்லது அண்ணாச்சி. இப்போதைக்கு நம்பர் கூடுன பெட்ரோலப் போட்டுப் பாருங்க. வண்டியையும் அடிக்கடி கொண்டாந்து காட்டுங்க."

நம்பர் கூடின பெட்ரோலைக் காசுக்குப் பிடித்த கேடு என்று அதுவரை சொன்னவர் இவர்தான். சவாரியில் வருகிற யாராவது பங்கில் "பிரீமியம் போடுங்களேன்" என்றால் பாலம் வரைக்கும் பாடம் நடத்துவார். இப்போது அவரே அதைப் போடவேண்டியதாயிற்று. பங்கில் யாராவது தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நாள் சத்தம் இருந்தது, ஆனால் குறைந்திருக்கிறது என்றார். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஏளா, சத்தம் போயிட்டு. சுத்தமாப் போயிட்டு. ஆள ஏத்திக்கிட்டு ஏறுனேன், ஏசி போட்டு ஏறுனேன், ஒண்ணுங் கிடையாது."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எங்கள் மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளையோடு திரும்பிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. நான் அன்றைக்குக் கருப்பட்டி போட்டுப் பணியாரம் சுட்டேன். ஸ்டாண்டில் எல்லாருக்கும் இவர் யோசனை சொல்ல ஆரம்பித்தார். பழைய என்ஜினாக இருந்தால் நம்பர் கூட்டிப் போடு, கரி படிந்த என்ஜினுக்கு அதுதான் மருந்து, நான் அனுபவத்தில் சொல்லுதேன் என்று. மைலேஜும் கூடியிருக்கிறது என்றார். அது எப்படிக் கூடும், நம்பர் கூடினால் மைலேஜ் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். தட்டாத என்ஜின் பாரமில்லாமல் ஓடும், அதனால் கூடும் என்றார். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் காட்டப் போகவில்லை. சத்தமே இல்லாதபோது எதைக் காட்டுவது.

மழைக்காலம் முடிந்து ஏரல் பக்கத்தில் என் தம்பி வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. ஆற்றுப்பாசனத்து ஊர் அது, நான் பிறந்த ஊர். நாங்கள் இரண்டு பேரும் காரில் கிளம்பினோம். கொடுக்கவேண்டிய அரிசி மூட்டையும் பாத்திரமும் பின்னால் இருந்ததால் வண்டியில் நல்ல பாரம். பாலம் தொடங்கும் இடத்தில் அவர் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். எனக்குக் காட்டவேண்டுமாம்.

நாலாவது கியர், ஏசி, ஆக்ஸிலேட்டர். வண்டி ஏறத் தொடங்கியதும் சுவரிலிருந்து கிலுகிலுவென்று வந்தது. லேசாக இல்லை. டப்பாவை யாரோ என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவது போல, பாலத்து உச்சி வரைக்கும் விடாமல் வந்தது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? எண்ணெ விட்ட மாதிரி ஏறுதுல்லா?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. வேறு எதிலிருந்தாவது வருகிறதோ என்று பின்னால் இருந்த பாத்திரங்களைப் பார்த்தேன். அவை துணிக்குள் சுற்றி இருந்தன. இறக்கத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"ஏங்க, தட்டுதே" என்றேன்.

"என்னது?"

"வண்டி தட்டுதுங்க. இப்ப ஏறும்போது நல்லாத் தட்டிச்சே. ஒங்களுக்குக் கேக்கலியா?"

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பணியாரம் சுட்ட நாளிலிருந்து நான் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பாலத்துக்குக் கீழே ஓரமாக வண்டியைத் திருப்பி, மறுபடியும் ஏற்றினார். "இப்ப?" என்றார். "தட்டுது" என்றேன். ஏசியை அணைத்துவிட்டு ஏற்றினார். "இப்ப?" குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றேன். விசேஷத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்து, பானெட்டுக்கு முன்னால் சாய்க்கிற அதே மாதிரிச் சாய்த்து, கேட்டார். எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"நாள் பூரா மெஷின ஓட்டி ஒன் காதுதான் கெட்டுப்போச்சி" என்றார் கடைசியில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் காது கெட்டால் இல்லாத சத்தம் எப்படிக் கேட்கும் என்று கத்திவிட்டேன். ஏரல் போய்ச் சேர்ந்து பந்தியில் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் சொல்வது பொய் என்று மெக்கானிக் வாயால் சொல்ல வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மெக்கானிக் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன், பாலம் ஏறினோம். பாதி ஏறும்போதே மெக்கானிக் "போதும் அண்ணாச்சி, காலை எடுங்க, காலை எடுங்க" என்றார். இவர் எடுத்தார். பாலத்தின் நடுவில் வண்டி தயங்கி நிற்கப் பார்த்தது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு தட்டுது, இப்படியா வச்சி ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?"

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நேற்றுக் கத்தியதற்கு நானே எங்காவது விழுந்து சாகலாம் என்று தோன்றியது.

காது டாக்டர் கருவிகளை மாட்டி, கதவை அடைத்த அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்தார். இரைச்சலில் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்கு உச்சத்தில் இருக்கிற சன்னமான சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார். மணி, பறவை, கொலுசு, உலோகத்தோடு உலோகம் உரசுவது, இந்த மாதிரி. பேச்சு கொஞ்ச காலம் நிற்கும், பிறகு அதுவும் குறையலாம். போனது திரும்பி வருமா என்று நான்தான் கேட்டேன். வராது என்றார். மெல்லிய குரலில் பேசுகிற டாக்டர் அவர். வெளியே வந்த பிறகு இவர் "என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. போன் அடித்தால் எடுப்பதில்லை என்று சவாரிக்காரர்கள் குறைபட்டது. மகள் பேசும்போது "ம், ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தது. அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று அவள் அழுதது. குக்கர் விசிலை எண்ணச் சொன்னால் எண்ணாமல் விட்டது. நான் இதையெல்லாம் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வண்டியில் சத்தம் அப்படியேதான் இருந்தது, அவருக்குக் கேட்பதுதான் போயிருந்தது. பெட்ரோல்தான் அதைத் தீர்த்தது என்று நம்பியதைத் தவிர அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. வேறு யாராக இருந்தாலும், தன் காதை நம்பியே பிழைத்தவர்கள், அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

காதுக்கு மெஷின் வாங்கினோம். மாட்டிக்கொண்டு ஓட்டினால் காற்றும் டயரும் லாரியும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைக்குள் இறங்குகிறது என்றார். பாலத்தில் ஏறிப் பார்த்தார். ஏதோ கேட்கிறது, ஆனால் எது என்று பிரிக்க முடியவில்லை என்றார். எனக்குத் தெரிந்து அவர் எதையும் பிரிக்க முடியவில்லை என்று சொன்னது அப்போதுதான். காது மெஷின், வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போனது. நான் எடுத்துக் கொடுப்பேன், அது மறுபடியும் அங்கேயே போகும்.

அந்தச் சமயத்தில்தான் கையால் தட்டுகிற யோசனை வந்தது. அவருடைய யோசனைதான். எனக்குத் தைக்கத் துணி குறைவாக இருக்கிற நாட்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு பெட்ரோலாகப் போட்டுப் பார்க்கவேண்டும், நீ கேட்டுச் சொல்லு என்றார். வாயால் சொன்னால் நேரம் பிந்துகிறது, சத்தம் வரும்போதே தோளில் தட்டு என்றார். நான் அவருடைய இடது தோளில் விரலால் தட்டுவேன். சத்தம் வேகமாக வந்தால் வேகமாக, லேசாக வந்தால் லேசாக. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் கொடுத்தும் பார்ப்பார்.

சாதாப் பெட்ரோலில் பார்த்தோம். பிரீமியத்தில் பார்த்தோம். அதைவிட நம்பர் கூடினது ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, அது கிடைக்கிற பங்கைத் தேடிப் போனோம். பாதிக்குப் பாதி கலந்தோம். கரியைக் கரைக்கும் என்று ஒரு டப்பா மருந்து விற்றார்கள், அதையும் ஊற்றினோம். பெட்ரோல் மாறும்போது சத்தம் கொஞ்சம் குறையும், அவருடைய தோள் இறங்கும். கொஞ்ச நாளில் பழையபடி வந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரோடு அவ்வளவு தூரம் போனது கிடையாது. பழையகாயல், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று போய்க்கொண்டே இருந்தோம். யாராவது எங்களைப் பார்த்தால் இந்த வயதில் என்ன ஊர் சுற்றல் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம்தான் இருந்தது. இதில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

மெக்கானிக் ஒருநாள் என்ஜினைத் திறந்தார். பிஸ்டன் ஓரங்கள் எலி கடித்த மாதிரி அரித்துப் போயிருந்தன, உள்சுவரில் கீறல் விழுந்திருந்தது. சத்தம் போன சந்தோஷத்தில் மழைக்காலம் முழுவதும் ஓட்டியதில் வந்த வினை அது. எந்த நம்பர் பெட்ரோலும் இதைச் சரிசெய்யாது என்றார் மெக்கானிக். புது என்ஜின் போடுகிற அளவுக்கு அந்த வண்டியில் ஒன்றுமில்லை. கூடியவரை பூட்டிக் கொடுத்தார். பாரம் ஏற்றாமல், மெதுவாக, சமதரையில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார். சமதரைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பாளையங்கோட்டை ரோட்டில் போகும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியிலும் கவனிக்கவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மா இவர் தோளைப் பிடித்து உலுக்கி "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அலறிய பிறகுதான் ஒதுங்கினார். ஆம்புலன்ஸ் போன பிறகு வண்டியை நிறுத்தி, அந்த அம்மாவுக்கு ஸ்டாண்டிலிருந்து வேறு வண்டி வரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"உள்ள யாரு கெடந்தாவளோ" என்றார். அதைத்தான் அன்று பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். என்ஜின் நன்றாக இருந்திருந்தாலும் இனி இவர் ஓட்டமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த ஆம்புலன்ஸுக்குள் எங்கள் மகள் கிடந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

வண்டியை விற்கப்போவதாக ஸ்டாண்டில் சொல்லிவைத்தோம். உதிரிப் பாகங்களுக்காகப் பழைய வண்டி வாங்குகிற ஒரு தம்பி விளாத்திகுளத்திலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. வண்டியைச் சுற்றி வந்து, துருவைத் தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்க்கலாமா அண்ணாச்சி என்று கேட்டார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து "நீயும் வா" என்றார்.

அந்தத் தம்பி ஓட்டினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் இவருக்குப் பின்னால். இத்தனை வருஷத்தில் இவர் இந்தக் காரில் இடதுபக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "என்ன பெட்ரோல் அண்ணாச்சி போடுதீங்க?" என்று தம்பி கேட்டார். இவருக்குக் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். பதில் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, அந்த வண்டி இனி எந்தப் பெட்ரோலும் குடிக்கப்போவதில்லை.

பாலம் வந்தது. தம்பி கியரைக் குறைக்கப் போனார். இவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"கொறைக்காதீங்க. நாலுலயே ஏத்துங்க. ஏசியப் போட்டுக்கோங்க" என்றார். தன் பக்கத்துக் கண்ணாடியையும் அவரே இறக்கிவிட்டார். "இது தட்டும் தம்பி. எனக்குக் கேக்காது, நீங்க கேட்டுக்கோங்க. பொறவு அண்ணாச்சி மறச்சிட்டாருன்னு சொல்லக்கூடாதுல்லா."

வண்டி ஏறத் தொடங்கியது. சுவரிலிருந்து சத்தம் வந்தது. நான் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அவருடைய தோளில் விரலை வைத்துத் தட்டினேன். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஏதோ புரிந்ததுபோல் கண்ணை எடுத்துக்கொண்டார். இவர் தலையைச் சாய்த்தார். நான் சத்தம் வந்தபடியே தட்டிக்கொண்டு போனேன். ஏற ஏறச் சத்தம் கூடியது, என் விரலும் அதற்குத் தக்கபடி போனது. அவருடைய வலதுகால் அங்கே ஆக்ஸிலேட்டர் இருக்கிற மாதிரி கீழே அமுக்கிக்கொண்டிருந்தது.

உச்சிக்கு வந்தோம். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. வண்டி இறங்க ஆரம்பித்ததும் சத்தம் நின்றுவிட்டது. என் விரல் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிறுத்தினால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தது. கீழே சிக்னல் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தேன்.

"எறக்கத்துல அது வராதுளா" என்றார் அவர், திரும்பாமலே.